காருக்குள் ஒரு கம்ப்யூட்டர்: பேட்டரி வோல்டேஜும் பெட்ரோல் கணக்கும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியபோது கடைக்காரர் கூடவே ஒரு யுபிஎஸ்ஸையும் உங்கள் தலையில் கட்டியிருப்பார். நல்லதுதான். அந்த யுபிஎஸ்ஸைத் தாண்டி மின்சாரம் உள்ளே போனதும் முதலில் சந்திப்பது கேபினெட்டின் பின்புறம் ஃபேன் சுழலும் ஒரு சிறிய பெட்டியை. அதன் பெயர் எஸ்எம்பிஎஸ். சுவரில் இருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றி மதர்போர்டுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் தருவது இதன் வேலை. வீட்டுக் கரண்ட் 200-க்கு இறங்கினாலும் 250-க்கு ஏறினாலும் மதர்போர்டுக்குப் போகும் 12 வோல்ட் ஏறக்குறைய 12 ஆகவே இருக்கும்.

அதனால்தான் நீங்கள் வேர்டில் கடிதம் டைப் செய்யும்போது, 'இப்போது வோல்டேஜ் எவ்வளவு?' என்று வேர்டு உங்களைக் கேட்பதில்லை. சாப்ட்வேர் எழுதும் என்னைப் போன்றவர்களும் வோல்டேஜுக்காகத் தனியாக ஒரு வரி புரோகிராம்கூட எழுதுவதில்லை. அந்தக் கவலையை ஹார்டுவேர் பார்த்துக்கொள்கிறது.

வோல்டேஜைத் தொடர்ந்து அளந்து, அதற்கேற்பத் தன் கணக்கை மாற்றிக்கொண்டே இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டர் உங்கள் வீட்டு வாசலில் நிற்கலாம். அதற்கு மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. காரின் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் இந்தப் பெட்டியை இசியூ என்பார்கள். 2020-க்குப் பிறகு வெளிவந்த பைக் அல்லது ஸ்கூட்டர் வைத்திருந்தால் பெரும்பாலும் அதிலும் ஒன்று இருக்கும். பேட்டரி பலவீனமானால் இந்தக் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது, எங்கே ஏமாந்து போகிறது என்று தெரிந்துகொண்டால் மெக்கானிக்கிடம் சில ஆயிரங்கள் மிச்சமாகலாம். அதற்கு உங்கள் லேப்டாப்பும் உதவும்.

கார்புரேட்டர் போய் இசியூ வந்த கதை

பழைய அம்பாசிடர், பத்மினி கார்களில் கார்புரேட்டர் இருந்தது. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது அந்தக் காற்று ஒரு குறுகலான வழியில் வேகமாக ஓடி, ஓட்டத்திலேயே பெட்ரோலையும் இழுத்துக்கொண்டு போகும். இதில் கரண்டுக்கு வேலையே இல்லை. பேட்டரி இறங்கிவிட்டால் நான்கு பேர் தள்ளினால் போதும், வண்டி கிளம்பிவிடும்.

மின்சாரத்தால் திறந்து மூடும் இன்ஜெக்டர் மூலம் பெட்ரோல் தெளிக்கும் முயற்சியை அமெரிக்காவின் பெண்டிக்ஸ் கம்பெனி 1957-லேயே செய்து பார்த்தது. அது சரியாக வேலை செய்யவில்லை. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1967-ல் வோக்ஸ்வேகன் காரில் பொருத்திய டி-ஜெட்ரானிக்தான் பெரிய அளவில் வெற்றி பெற்ற முதல் எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷன். அதில் இருந்ததும் டிரான்சிஸ்டர்களால் ஆன அனலாக் சர்க்யூட்தான். உண்மையான டிஜிட்டல் கம்ப்யூட்டர் வந்தது 1979-ல், பிஎம்டபிள்யூ காரில் பொருத்திய மோட்ரானிக் மூலம். ஐபிஎம் தன் முதல் பிசியை விற்கத் தொடங்கியது 1981-ல். கார் முந்திக்கொண்டது!

நம் பக்கம் வருவோம். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் சான்ட்ரோ 1998-ல் எம்பிஎஃப்ஐ எஞ்சினுடன் விற்பனைக்கு வந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர் என்பதே அந்த நான்கு எழுத்தின் சாரம். அடுத்த ஆண்டு, 1999 ஏப்ரலில், டெல்லி தலைநகர் வட்டாரத்தில் விற்கும் கார்களுக்கு யூரோ புகை விதிகளை உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. பிறகு பாரத் ஸ்டேஜ் விதிகள் படிப்படியாக நாடு முழுவதும் வந்தன. கார்புரேட்டர் கார்கள் ஷோரூமை விட்டு மறைந்தன. 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ் 6 வந்தபோது இரு சக்கர வண்டிகளும் பெரும்பாலும் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன.

காலிங் பெல்லும் இன்ஜெக்டரும்

இன்ஜெக்டர் என்பது விரல் அளவு உள்ள ஒரு மின்சாரக் குழாய். உள்ளே ஒரு கம்பிச் சுருள், ஒரு ஊசி, அந்த ஊசியை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங். சுருளில் கரண்ட் பாய்ந்தால் அது காந்தமாகி ஊசியைத் தூக்கும். பின்னால் சுமார் 3 பார் அழுத்தத்தில் காத்திருக்கும் பெட்ரோல் புகை போல் பீச்சியடிக்கும். கரண்டை நிறுத்தினால் ஸ்பிரிங் ஊசியை மூடிவிடும்.

உங்கள் வீட்டு டிங்-டாங் காலிங் பெல்லும் இதே தத்துவம்தான். பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு கம்பி பாய்ந்து போய்த் தகட்டைத் தட்டும். லோ வோல்டேஜ் நேரத்தில் அந்த 'டிங்' சோம்பலாகக் கேட்பதைக் கவனித்திருக்கிறீர்களா? காந்தம் வலுப்பெற அதிக நேரம் ஆகிறது. இன்ஜெக்டருக்கும் இதுவே நடக்கிறது.

சுருளில் வோல்டேஜ் கொடுத்த உடனே கரண்ட் முழு அளவுக்கு வந்துவிடாது. பூஜ்யத்தில் தொடங்கி மெதுவாக ஏறும். ஊசியைத் தூக்கப் போதுமான அளவை எட்டியதும்தான் ஊசி அசையும். வோல்டேஜ் அதிகமானால் கரண்ட் வேகமாக ஏறும். குறைந்தால் தவழ்ந்து ஏறும். ஆக, 'திற' என்று இசியூ உத்தரவு கொடுத்ததற்கும் பெட்ரோல் வரத் தொடங்குவதற்கும் நடுவே கொஞ்சம் நேரம் வீணாகிறது. மூடும்போதும் சிறிது தாமதம் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் ஸ்பிரிங்கின் வேலை என்பதால் வோல்டேஜைப் பொறுத்து அவ்வளவாக மாறாது. திறக்கும் தாமதத்தில் இருந்து மூடும் தாமதத்தைக் கழித்தால் வருவதை டெட் டைம் என்கிறார்கள்.

இது எவ்வளவு இருக்கும்? இன்ஜெக்டருக்கு இன்ஜெக்டர் மாறும். சாதாரண பெட்ரோல் கார்களில் காணப்படும் அளவை ஒட்டி ஒரு மாதிரி அட்டவணை தருகிறேன். இதை எக்ஸெல்லில் இரண்டு காலம்களாக டைப் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

16 வோல்ட் – 0.7 மில்லி செகண்ட்
14 வோல்ட் – 0.9 மில்லி செகண்ட்
12 வோல்ட் – 1.2 மில்லி செகண்ட்
10 வோல்ட் – 1.6 மில்லி செகண்ட்
8 வோல்ட் – 2.4 மில்லி செகண்ட்

மில்லி செகண்ட் என்பது ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 'இதற்கா இவ்வளவு பேச்சு?' என்று தோன்றலாம். கார் நின்ற இடத்தில் ஓடும் ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒரு தடவை இன்ஜெக்டர் உண்மையாகவே திறந்திருக்க வேண்டிய நேரம் 2 மில்லி செகண்ட் அளவுதான். அதன் பக்கத்தில் 0.9-ஐ வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய பாதி!

பெருக்கல் அல்ல, கூட்டல்

இசியூவின் புரோகிராம் பெட்ரோல் கணக்கை எப்படிப் போடுகிறது என்று பார்ப்போம். முதலில் எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று சென்சார்கள் மூலம் தெரிந்துகொள்கிறது. ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் முழுவதும் எரிய 14.7 கிலோ காற்று தேவை. எத்தனால் கலந்தால் இந்த எண் சற்றுக் குறையும். காற்றின் அளவை வைத்து இன்ஜெக்டர் எத்தனை மில்லி செகண்ட் திறந்திருக்க வேண்டும் என்று ஓர் அடிப்படை எண் கிடைக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் அந்த எண்ணை 1.2 போன்ற ஒன்றால் பெருக்கும். ஆக்ஸிலரேட்டரைத் திடீரென்று மிதித்தால் இன்னொரு திருத்தம். இவையெல்லாம் முடிந்த பிறகு, கடைசியில், அந்த நேரத்து பேட்டரி வோல்டேஜுக்கு உரிய டெட் டைமைக் கூட்டும்.

கவனியுங்கள், கூட்டும், பெருக்காது. புரோகிராம் எழுதிப் பழகுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பேட்டரி 14 வோல்ட்டில் இருக்கும்போது ஐடிலிங்குக்கு இசியூ தர வேண்டிய உத்தரவு 2.0 + 0.9 = 2.9 மில்லி செகண்ட். வோல்டேஜ் 10 ஆக இறங்கியும் இசியூ அதைக் கவனிக்காமல் அதே 2.9-ஐக் கொடுத்தால் என்ன ஆகும்? 1.6 வீணாகிவிடும். மிச்சம் 1.3 மில்லி செகண்ட்தான் பெட்ரோல் போகும். 35 சதவீதம் குறைவு. எஞ்சின் குலுங்கி நின்றுவிடும்.

இதே தவறு ஹைவேயில் நடந்தால்? அங்கே 10 மில்லி செகண்ட் தேவை என்று வைத்துக்கொள்வோம். உத்தரவு 10.9. வீணாவது 1.6. மிச்சம் 9.3. குறைவது 7 சதவீதம் மட்டுமே. ஆகவே வோல்டேஜ் சம்பந்தமான கோளாறு ஐடிலிங்கில் கழுத்தைப் பிடிக்கும். வேகமாக ஓட்டினால் காணாமல் போய்விடும். 'நிக்கும்போதுதான் சார் குலுங்குது, ஓட்டினா சரியாயிடுது' என்று ஒருவர் சொன்னால், பார்க்க வேண்டிய காரணங்களில் இதுவும் ஒன்று.

அட்டவணையில் இல்லாத வோல்டேஜுக்கு இசியூ என்ன செய்யும்? உதாரணமாக 11.3 வோல்ட். அது 12-க்கும் 10-க்கும் நடுவில் இருக்கிறது. 12-ல் இருந்து 0.7 வோல்ட் கீழே. இரண்டுக்கும் இடைவெளி 2 வோல்ட். டெட் டைமின் இடைவெளி 0.4. எனவே 1.2 + (0.7 ÷ 2) × 0.4 = 1.34 மில்லி செகண்ட். இதற்கு இன்டர்போலேஷன் என்று பெயர். நீங்கள் டைப் செய்த எக்ஸெல் அட்டவணையில் இந்தக் கணக்கை ஒரு ஃபார்முலாவாகப் போட்டு வெவ்வேறு வோல்டேஜ் கொடுத்துப் பாருங்கள். அப்படியே ஒரு லைன் சார்ட்டும் வரையுங்கள். கோடு நேராக வராது. வலப்பக்கம் கிட்டத்தட்ட படுத்திருக்கும். 10 வோல்ட்டுக்குக் கீழே போனதும் சரேலென்று நிமிரும். 16-ல் இருந்து 14-க்கு வந்தால் 0.2 மில்லி செகண்ட்தான் வித்தியாசம். 10-ல் இருந்து 8-க்கு வந்தால் 0.8. இந்தச் செங்குத்தான இடத்தில்தான் நம் பேட்டரிகள் கடைசிக் காலத்தைக் கழிக்கின்றன.

மின்சாரத்தை நிலையாக வைக்கக் காரிலும் ஓர் எஸ்எம்பிஎஸ் வைத்தால் என்ன என்று கேட்கலாம். இசியூ தன் சொந்த உபயோகத்துக்கு அப்படி ஒன்றை உள்ளேயே வைத்துக்கொண்டு 5 வோல்ட்டை நிலையாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஆளுக்கு ஓர் ஆம்பியர் கேட்கும் நான்கு இன்ஜெக்டர்களுக்கும் நிலையான சப்ளை கொடுக்கத் தனி சர்க்யூட் வேண்டும். அதற்குக் காசு ஆகும், சூடும் ஆகும். ஐந்தாறு எண்கள் உள்ள அட்டவணைக்கு ஆகும் மெமரியோ ஒரு குறுஞ்செய்திக்கு ஆகும் அளவுகூட இல்லை. ஹார்டுவேரில் செய்ய வேண்டியதைச் சாப்ட்வேரில் மலிவாகச் செய்துவிட்டார்கள். சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோல் தெளிக்கும் புதுவகை எஞ்சின்களில் இது போதவில்லை. அங்கே சுமார் 65 வோல்ட் உண்டாக்கும் தனி சர்க்யூட்டை இசியூவுக்குள் வைத்து ஊசியைப் படாரென்று திறக்கிறார்கள்.

நெய்வேலிக் கார்களின் தனிப் பிரச்சினை

நெய்வேலி டவுன்ஷிப்பில் இருப்பவர்களுக்கு ஜெனரேட்டர், வோல்டேஜ் என்றெல்லாம் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் ஊர். 1962-ல் ஓடத் தொடங்கிய முதலாம் அனல்மின் நிலையம் 2020-ல்தான் ஓய்வு பெற்றது. அனல்மின் நிலைய ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது. லோடு ஏறி இறங்கும்போது அதன் வோல்டேஜ் மாறாமல் இருக்க, நடுவில் சுழலும் காந்தச் சுருளுக்குப் போகும் கரண்டைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். உங்கள் கார் எஞ்சினுக்குப் பக்கத்தில் பெல்ட்டில் ஓடும் ஆல்டர்னேட்டர் அதன் பேரப்பிள்ளை. அதே தத்துவத்தில் ஒரு ரெகுலேட்டர் வோல்டேஜை 14-ஐ ஒட்டிப் பிடித்து வைக்கிறது.

ஆனால் ஆல்டர்னேட்டர் எஞ்சின் ஓடினால்தான் சுற்றும். ஸ்டார்ட் செய்யும் அந்த ஓரிரு செகண்டில் எல்லாச் சுமையும் பேட்டரி தலையில். சிறிய பெட்ரோல் காரின் ஸ்டார்ட்டர் மோட்டார்கூட நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டும் நல்ல பேட்டரி அப்போது 10-ஐ ஒட்டி இறங்கும். 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியோ அதன் இணைப்போ சரியில்லை என்பது பொதுவான கணக்கு.

இங்கே இசியூவுக்கு இன்னொரு கஷ்டமும் சேர்ந்துகொள்கிறது. எஞ்சின் ஓடும்போது சைலன்சர் குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார், 'பெட்ரோல் குறைவு, கூட்டு' என்றோ 'அதிகம், குறை' என்றோ சொல்லிக்கொண்டே இருக்கும். டெட் டைமில் சிறு பிழை இருந்தாலும் அதை வைத்து இசியூ சமாளித்துவிடும். ஆனால் அந்த சென்சார் நன்றாகச் சூடான பிறகே பேசும். காலையில் சாவியைத் திருப்பும்போது அது ஊமை. கேட்டுத் திருத்த வழியில்லை. மெமரியில் உள்ள அட்டவணை ஒன்றுதான் கதி. வோல்டேஜ் மிகக் குறைவாக இருக்கும் நேரமும், அட்டவணை மிகச் செங்குத்தாக இருக்கும் இடமும், உதவிக்கு ஆளில்லாத நேரமும் ஒன்றாகச் சேர்வது இந்த ஒரு கணத்தில்தான். போதாததற்கு, பிஸ்டன் காற்றை அழுத்தும் ஒவ்வொரு முறையும் மோட்டார் திணறுவதால் வோல்டேஜ் மேலும் கீழும் ஆடும். இசியூ ஒரு கணத்தில் அளந்து, அடுத்த கணத்தில் ஊசியைத் திறக்கிறது. அதற்குள் வோல்டேஜ் மாறியிருக்கும்.

டவுன்ஷிப்பில் எல்லாமே பக்கம். வட்டத்தில் இருந்து மெயின் பஜார், அங்கிருந்து கோயில், திரும்ப குவார்ட்டர்ஸ். ஐந்து நிமிட ஓட்டம், அரை மணி நேர நிறுத்தம், மறுபடி ஸ்டார்ட். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் எடுத்ததை ஆல்டர்னேட்டர் முழுதாகத் திருப்பித் தருவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. மரத்தடியில் வாரக்கணக்கில் நிற்கும் கார்களுக்கு இன்னும் மோசம். சென்னைக்கும் கும்பகோணத்துக்கும் ஓடும் காரின் பேட்டரியைவிட, ஆர்ச் கேட்டைத் தாண்டாத காரின் பேட்டரி சீக்கிரம் கிழடு தட்டுவதில் ஆச்சரியமில்லை.

லேப்டாப்பில் வோல்டேஜ் பார்ப்போம்

இந்தியாவில் 2013-க்குப் பிறகு தயாரான கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 துளைகள் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். ஓபிடி 2 என்று பெயர். இதில் மாட்டும் இஎல்எம் 327 வகை அடாப்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. யுஎஸ்பி கேபிள் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் லேப்டாப்புக்கு வசதி. புளூடூத் வகை என்றால் முதலில் பேரிங் செய்ய வேண்டும். பாஸ்வேர்டு பெரும்பாலும் 1234.

அடாப்டரைக் காரில் மாட்டி, லேப்டாப்பில் இணையுங்கள். டிவைஸ் மேனேஜரைத் திறந்து 'போர்ட்ஸ்' பகுதியில் அதற்கு எந்த காம் போர்ட் எண் கிடைத்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் ஹைப்பர்டெர்மினல் கூடவே வந்தது. இப்போது அது இல்லை. அதற்குப் பதிலாக புட்டி என்ற இலவச சாப்ட்வேரை டவுன்லோடு செய்து, 'சீரியல்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த போர்ட் எண்ணையும் அடாப்டரின் வேகத்தையும் (பெரும்பாலும் 38400) கொடுத்துத் திறக்கவும்.

இப்போது சாவியை 'ஆன்' வரை திருப்பவும். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஸ்கிரீனில் 0142 என்று டைப் செய்து எண்டர் தட்டுங்கள். 'உனக்குக் கிடைக்கும் வோல்டேஜ் எவ்வளவு?' என்று இசியூவைக் கேட்கும் கேள்வி இது. பதில் 41 42 30 70 என்பதுபோல் வரும். முதல் இரண்டும், 'கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்கிறேன்' என்ற அடையாளம். கடைசி இரண்டுதான் விஷயம். 3070 என்பது ஹெக்ஸாடெசிமல் எண். விண்டோஸ் கால்குலேட்டரில் 'புரோகிராமர்' என்ற வகைக்குப் போய் இதைச் சாதாரண எண்ணாக மாற்றினால் 12400 வரும். ஆயிரத்தால் வகுத்தால் 12.4 வோல்ட். எல்லாக் கார்களும் இந்தக் கேள்விக்குப் பதில் தருவதில்லை. தராவிட்டால் ஏ, டி, ஆர், வி என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களை டைப் செய்யுங்கள். அடாப்டர் தன் சாக்கெட்டுக்கு வரும் வோல்டேஜைத் தானே அளந்து சொல்லும்.

ஒரு எச்சரிக்கை: மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு லேப்டாப்பில் மூழ்கிவிடாதீர்கள். புகை ஆபத்தானது.

எதிர்வீட்டுக் கார்

அனல்மின் நிலையத்தில் எலெக்ட்ரிகல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் எங்கள் எதிர்வீட்டு சார். அவருடைய காருக்குக் காலையில் மூன்று தடவை சாவி திருப்ப வேண்டியிருந்தது. கிளம்பினாலும் கொஞ்ச நேரம் குலுங்கும். ஒர்க்ஷாப்பில் நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றி கிளீன் செய்ய வேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். பேட்டரியாக இருக்குமோ என்றேன்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு தம்பி. ஹாரன் அடிக்குது, லைட்டும் பளிச்சுன்னு எரியுது."

அடாப்டரை மாட்டினோம். சாவி ஆன் நிலையில் 30 70, அதாவது 12.4 வோல்ட். சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஸ்டார்ட் செய்துகொண்டே கேள்வியைத் திரும்பத் திரும்ப அனுப்பியதில் 21 98 வந்தது. கால்குலேட்டரில் 8600. அதாவது 8.6 வோல்ட். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் 36 88, 13.96 வோல்ட். ஆக, ஆல்டர்னேட்டரில் குறையில்லை.

8.6-ஐப் பார்த்ததும் சார் சும்மா இருப்பாரா? வீட்டுக்குள் போய் மல்டிமீட்டரை எடுத்து வந்தார். ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்தில் வைத்தார். மறுமுனையை அதே கம்பத்தைக் கவ்விக்கொண்டிருக்கும் டெர்மினல் கிளிப்பில் வைத்தார். "இப்ப ஸ்டார்ட் பண்ணு தம்பி." ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்களுக்கு நடுவே 0.9 வோல்ட் காட்டியது! நல்ல இணைப்பில் இது 0.1 அல்லது 0.2-ஐத் தாண்டக் கூடாது. கிளிப்பின் உட்புறம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்த உப்புதான் காரணம். 150 ஆம்பியர் பாய்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த உப்பின் ரெசிஸ்டன்ஸ் ஓர் ஓமில் ஆயிரத்தில் ஆறு பங்கு. ஹாரனுக்கும் லைட்டுக்கும் சில ஆம்பியர்கள் போதும். அவற்றுக்கு இது தெரியவே தெரியாது. ஸ்டார்ட்டர் இழுக்கும்போது மட்டும் ஒரு வோல்ட் காணாமல் போகிறது.

எஞ்சினை அணைத்து, நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றி, சுடுதண்ணீர் ஊற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மாட்டிய பின் வாசலைன் தடவினோம். (எஞ்சின் ஓடும்போது டெர்மினலைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிப்பது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இசியூ உள்ள வண்டியில் வேண்டவே வேண்டாம். சட்டென்று பேட்டரி விலகினால் ஆல்டர்னேட்டர் வோல்டேஜ் பல மடங்கு எகிறும்.) டெர்மினலைக் கழற்றினால் இன்னொன்றும் நடக்கும். ஆக்ஸிஜன் சென்சாரைக் கேட்டு இசியூ நாளடைவில் கற்றுக்கொண்ட திருத்தங்கள் பல கார்களில் அழிந்துவிடும். மதர்போர்டில் உள்ள சிமாஸ் பேட்டரியைக் கழற்றினால் தேதியும் நேரமும் போய்விடும் அல்லவா, அதுபோல. அதனால் முதல் நாள் ஐடிலிங் கொஞ்சம் ஏறி இறங்கும். ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்.

மறுபடி ஸ்டார்ட் செய்தோம். 25 28. அதாவது 9.51 வோல்ட். எக்ஸெல் அட்டவணையில் இந்த இரண்டு வோல்டேஜ்களையும் போட்டுப் பாருங்கள். 8.6-க்கு டெட் டைம் 2.16 மில்லி செகண்ட், 9.51-க்கு 1.8. ஊசி 0.36 மில்லி செகண்ட் முன்னதாகவே திறக்கிறது. ஸ்டார்ட்டரும் வேகமாகச் சுற்றுகிறது. வண்டி முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது.

இதே உப்பு இன்ஜெக்டருக்குப் போகும் சிறிய கனெக்டரில் பூத்தால் இசியூ ஏமாந்தே போகும். ஏனென்றால் இசியூ அளப்பது தன் பின்னுக்கு வரும் வோல்டேஜை; இன்ஜெக்டருக்குப் போய்ச் சேரும் வோல்டேஜை அல்ல. இன்ஜெக்டர் சுருள் 14 ஓம், கனெக்டரில் உப்பு 2 ஓம் என்று வையுங்கள். இசியூவுக்கு 14 வோல்ட் வரும்போது சுருளுக்குக் கிடைப்பது 12.25 வோல்ட்தான். இசியூ 0.9-ஐக் கூட்டும், தேவையோ 1.16. ஐடிலிங்கில் அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் 13 சதவீதம் பெட்ரோல் குறையும். நான்கு சிலிண்டர் புகையையும் ஒன்றாக மோந்து பார்க்கும் ஆக்ஸிஜன் சென்சார், 'பெட்ரோல் குறைகிறது' என்று சொல்ல, இசியூ நான்குக்கும் கொஞ்சம் கூட்டும். நன்றாக இருந்த மூன்றுக்கும் அதிகமாகிவிடும். குறைந்ததற்கு இன்னும் போதாது. இன்ஜெக்டரைக் கழற்றி கிளீன் செய்யும்போது கனெக்டரையும் கழற்றி மாட்டுவதால் உப்பு உதிர்ந்து கோளாறு போய்விடுவதும் உண்டு. பில் மட்டும் கிளீனிங்குக்கு வரும்! எஸ்டிமேட்டுக்குத் தலையாட்டும் முன், கனெக்டரை ஒருமுறை கழற்றித் துடைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சார் ஒர்க்ஷாப்புக்குப் போகவில்லை. ஆனால் 9.51 இன்னும் 9.6-ஐத் தொடவில்லை என்பதை அவரே சுட்டிக்காட்டினார். பேட்டரிக்கு நாலு வயது முடிந்துவிட்டது. மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை வாரம் ஒருமுறை பஜாரோடு திரும்பாமல் வடலூர் வரை ஒரு நடை ஓட்டி வருகிறார். வந்ததும் என் அடாப்டரைக் கேட்டு வாங்கி, வோல்டேஜைத் தன் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்கிறார்.